எதிர்க்கரையிலிருந்து பார்த்த யானைகள்

வர்ணத் தட்டு என் கையிலிருந்து விழுந்ததை நான் பார்க்கவில்லை. "ஜெயா, கீழ பாரு, பெயிண்ட்டெல்லாம் கொட்டிக் கெடக்குது!" என்று என் கணவர் முனிராஜ் கத்தினார். பார்த்தேன். தரை சுத்தமாகத்தான் இருந்தது. காலையிலேயே இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று எரிச்சல்பட்டேன். வலக்கையால் யானையின் காதுக்குச் சாம்பல் நிறம் பூசிக்கொண்டே இருந்தேன். என் இடக்கை துவண்டு தொங்குவது அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

பக்கவாதம் வந்தால் நமக்கே தெரியும் என்று நம்புகிறவர்களுக்காக இதை முதலில் சொல்கிறேன். எனக்கு வலி இல்லை, மயக்கம் இல்லை, வாய்ச் சவடால்கூடக் குறையவில்லை. பக்கத்தில் இருப்பவர் பதறினால் தயவுசெய்து அவரை நம்புங்கள்.

ஓசூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பாதிக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. த்ராம்போலைசிஸ் (ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து) தாமதமில்லாமல் கிடைத்ததால் இடக்கையும் காலும் மெல்லச் சரியாகி வந்தன. வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டது தூரிகையைத்தான்.

வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் எனக்கு வேலை. பூச்சில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வீட்டில் கூடத்துச் சுவரை அடைத்துப் பிளைவுட் பலகைகளைச் சேர்த்து, ஒரு மார்கழிக் காலையை வரைந்துகொண்டிருந்தேன். சின்ன வயதில் அஞ்செட்டிப் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் நான் பார்த்தது. பனி, அறுத்துக் குவித்த ராகிப் போர், நாணலுக்குள் நீர்க்கோழிகள், எதிர்க்கரையில் தண்ணீர் குடிக்க வந்த யானைக் கூட்டம். பல வருட ஆசை அது. கோடு போட்டுக்கொள்ளாமல் வலப்பக்கத்திலிருந்து நேராக வர்ணத்தில் இறங்குவது என் திமிர்.

பொங்கலுக்குள் படத்தை முடித்துவிட்டேன். முனிராஜ் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"பாதிப் பலகை வெறுமனே கெடக்குதே, ஜெயா."

"போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்றேன்.

தட்டின் இடப்பக்கத்து இட்லியைத் தொடாமல் நான் இன்னொன்று கேட்பதை அவர் ஏற்கெனவே கவனித்திருக்கிறார். மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் அதை நெக்லெக்ட் என்றார் (கண் நன்றாக இருந்தும் ஒரு பக்கத்தையே மூளை கணக்கில் எடுக்காத நிலை). பெயர் தெரிந்தால் தைரியம் வரும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

பயிற்சி கொடுக்க வந்த சரோஜாம்மா கன்னடக்காரர். "இடப்பக்க ஓரத்துல பளிச்சுனு ஒரு பட்டை ஒட்டுங்க. அது கண்ல படுற வரைக்கும் ஸ்வல்ப ஸ்வல்பமா தலையத் திருப்பணும்" என்றார். முனிராஜ் தன் தொழிற்சாலையில் தரையில் ஒட்டும் மஞ்சள் டேப்பைப் படத்திலும், தட்டிலும், கதவிலும் ஒட்டினார். நான் டேப்பைக் கண்டுபிடித்தேன். ஆனால் அதற்கு ஒரு முழம் முன்னாலேயே கை நின்றுவிட்டது. சாப்பாட்டிலும் அப்படியே. சரோஜாம்மாவுக்குப் புரியவில்லை. முனிராஜ்தான் தலையில் அடித்துக்கொண்டார். "ஃபேக்டரியில மஞ்சக் கோட்டுக்கிட்டப் போகாதேன்னு அத்தனை வருசமா பழக்கி வச்சிருக்காங்க மேடம். மிசின் இருக்கிற எடம்னு நின்னுக்குறா." சிவப்பு ஒட்டலாம் என்றார் சரோஜாம்மா. தொழிற்சாலையில் எங்களுக்குச் சிவப்பு என்றால் கழித்துக் கட்டிய சாமான். கடைசியில் பச்சை ஒட்டினோம், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு என் அக்கா மாதம்மா ஊரிலிருந்து என்னைப் பார்க்க வரும்வரைதான் இருந்தது. அவள் படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்டி, இதுல நான் எங்க?"

"அன்னிக்கு நீ எங்க வந்த, அக்கா?"

அவள் முகம் மாறிவிட்டது. "தண்ணியில நின்னது யாருடி? இந்தப் பெரிய ஆனை யாரப் பாத்துத் தும்பிக்கையத் தூக்குது?"

யோசித்தேன். யானை தும்பிக்கையைத் தூக்கியது நினைவிருந்தது. யாரை நோக்கி என்று கேட்டால் ஒன்றுமே இல்லை. அதுவரை பலகையில்தான் பாதி இல்லை என்று இருந்தேன். எனக்குள்ளேயே பாதி இல்லை. நோய் தொடங்கியதிலிருந்து அப்போதுதான் பயந்தேன்.

அக்கா சொல்லச் சொல்ல வரைந்திருக்கலாம். ஆனால் அது அவளுடைய காலை. என்னுடையது அழிந்துவிட்டதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் தடுத்தேன்.

சரோஜாம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "இப்ப நீங்க நின்ன கரைய விடுங்க. ஆனைங்க நிக்கிற கரைக்குப் போங்கம்மா. அங்கிருந்து உங்க ஊரைப் பாருங்க. என்ன காணுது?"

முதலில் பனிதான். பிறகு ஏரிக்கரை, அதன்மேல் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண். அது நான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறேன். எதைப் பார்த்து? கொஞ்சம் தள்ளி, கரை மாறியதால் இப்போது என் சோற்றுக்கைப் பக்கமாக, முழங்கால் தண்ணீரில் குனிந்து குடம் அலம்புகிறாள் அக்கா. யானைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவளைக் கூப்பிட அன்றைக்கு எனக்குக் குரல் வரவில்லை. அந்தப் பயம்கூட அப்படியே இருந்தது. சரோஜாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போகவில்லை, எதுவும் போகவில்லை.

பலகைகளை முனிராஜ் தலைகீழாகத் திருப்பி வைத்தார். இடப்பாதி வலப்பக்கம் வந்தது. யானைகள் தலைகீழாகத் தொங்க, அக்காவைக் காலிலிருந்து தொடங்கி வரைந்தேன். கை சோரும், தலை சுற்றும், வரைந்த முகம் கோணிப்போகும், அழித்து மறுபடி போடுவேன். அவளை வரைந்து முடித்ததும் நேராகத் திருப்பி வைத்தோம்.

இன்னும் வேலைக்குப் போகவில்லை. தெருவைத் தனியாகக் கடப்பதில்லை. முன்பு ஒரே பார்வையில் கிடைத்த உலகம் இப்போது பாதி பாதியாக, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. நடுவில் ஒரு சின்ன நேரம் இருக்கிறது. அதில் பொறுமையாக இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தால் யானைகள் மட்டும்தான். பெரியது தும்பிக்கையைத் தூக்குகிறது. எதிரில் யாரும் இல்லை. தலையைத் திருப்புகிறேன், இன்னும் கொஞ்சம். பனிக்குள்ளிருந்து அக்கா வந்துவிடுகிறாள், ஒன்றும் தெரியாமல் குடம் அலம்புகிறாள். வரைந்தவள் நானே என்றாலும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறுகிறது. அன்றைக்கு வராத குரல் இப்போது வருகிறது.

"அக்கா, கரைக்கு மேல ஏறி வந்துரு!"