ஆவி அளக்கும் அறையில் ஐந்து மிளகு

ஒரகடத்தில் ஒரு லேபில் நான் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தேன். சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் அங்கே யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. படித்தவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். அதிலும் ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று கேட்டவர்களுக்குச் சந்தேகமாகவே இருக்கும்.

கடைசி அறையில் ஒரு மேடம் இருந்தார். என் பேத்தி வயதுதான். கம்பெனிகளில் புழங்கும் கெமிக்கலிலிருந்து எவ்வளவு ஆவி கிளம்புகிறது என்று அளப்பது அவர் வேலை. கெமிக்கலைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, உள்ளே இருக்கிற காற்றை மெஷினால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரே சூட்டில் வைத்திருப்பார். அப்புறம் கிளம்பும் ஆவி குடுவைக்குள் எவ்வளவு அழுத்துகிறதோ, அது எண்ணாக வரும். ஆவியழுத்தம் என்பார். எண் பெரிதாக இருந்தால் அந்தக் கெமிக்கல் வேலை செய்கிறவர்களின் மூச்சில் சுலபமாக ஏறிவிடுமாம். அதற்குத் தக்கபடி பாதுகாப்பு செய்ய வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கு மேடம் விளக்கும்போதெல்லாம் நான் ஒரே இடத்தை மூன்று தடவை துடைத்துக்கொண்டே கேட்டது இது.

ஒரு தடவை வந்தது பெயிண்ட் கம்பெனிக் கெமிக்கல். சின்ன பாட்டிலில் வெள்ளை வெளேரென்று பளபளக்கும் கட்டிகள். பார்த்தால் அசல் கற்பூரம். மூன்று நாளாக எண் ஒரு நிலையில் நிற்கவில்லை. மேடம் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆவி எகிறிக்கிட்டே இருக்குடி. இப்படியே பறந்துக்கிட்டிருந்தா நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதுவேன்?"

குரல் உடைந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. பறக்கிற பொருளை நிறுத்துவதற்கு எங்கள் ஊர் வடக்குப்பட்டில் எல்லா வீட்டிலும் வழி தெரியும். கற்பூர டப்பாவில் நாலு மிளகைப் போட்டு மூடி வைத்தால் கரையாது. இவ்வளவு படிக்க வைத்தவர்கள் இதை மட்டும் சொல்லித்தராமல் விட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். நான் சொல்லலாம்தான். வாய் வர வேண்டுமே.

மறுநாள் வீட்டிலிருந்து மிளகை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். மேடம் டீ குடிக்கப் போன நேரத்தில், கையுறை மாட்டிக்கொண்டு, பாட்டிலைத் திறந்து போட்டு, இறுக்கி மூடினேன். நாலு போதும். கம்பெனி கெமிக்கலாயிற்றே என்று ஒன்று கூடுதலாகப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே அலறல் கேட்டது.

"ஐயோ, எலிப் புழுக்கை! சாம்பிள்ள எலிப் புழுக்கை!"

பக்கத்து அறை டெக்னீஷியன் ஓடி வந்தார். தட்டில் கொட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தார். "புழுக்கை இல்ல மேடம். மிளகு" என்றார். கெட்டிக்காரத்தனமாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. அதிலேதான் மாட்டிக்கொண்டார். தினமும் காலையில் சுங்குவார்சத்திரத்திலிருந்து பொங்கல் பார்சலோடு பஸ் ஏறுகிறவர் அவர். லேபுக்குள் சாப்பிடக்கூடாது என்று போர்டே இருக்கிறது.

மேனேஜர் வந்தார். "பாதுகாப்பு டெஸ்ட் பண்ற எடத்துல, கஸ்டமர் குடுத்த சாம்பிள்ள, உன் பொங்கல் மிளகு எப்படிய்யா வந்துது? நாளையிலேர்ந்து நீ வராத."

"சார், லேப்ல நான் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன் சார். வெளில மரத்தடியிலதான் சாப்பிடறேன். அடுத்த மாசம் பர்மனென்ட் ஆவணும் சார்" என்று டெக்னீஷியன் கெஞ்சினார். கட்டிய மனைவி, கைக்குழந்தை எல்லாரையும் இழுத்துச் சத்தியம் செய்தார்.

நான் மாப்பைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் வேலை போகும்.

"சார்" என்றேன்.

சத்தம் எங்கிருந்து வந்தது என்று மூன்று பேரும் தேடினார்கள். டெக்னீஷியன் தன் கஷ்டத்தையே மறந்துவிட்டு, "ஆயாவுக்குப் பேச்சு வருமா?" என்றார்.

"நான்தான் சார் போட்டேன். மேடம் அழுதாங்களேன்னு. கற்பூரத்துக்குப் போடற மாதிரி, பறக்காம இருக்கட்டும்னு."

மேனேஜர் நம்பவில்லை. "பாவம் பார்த்து அவன் பழிய நீங்க ஏத்துக்காதீங்கம்மா" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறேன், அதை நம்ப மாட்டேன் என்றால் எனக்கும் ரோஷம் வராதா?

"பொங்கல் மிளகுன்னா வெந்து பொதபொதன்னு இருக்கும் சார். இது காஞ்ச மிளகு. அதுவும் இவரு மிளகைத் திங்கவே மாட்டாரு. ஒண்ணொண்ணா பொறுக்கி, பேப்பர்ல மடிச்சி, அதோ அவரு மேஜைக்கு அடியில போட்டுடுவாரு. தெனம் நான்தான கூட்டறேன்!"

மேனேஜர் பக்கத்து அறைக்குப் போய்க் குனிந்தார். அன்றைய பொட்டலம் அங்கேயே இருந்தது. பிரித்து, அந்த மிளகையும் இந்த மிளகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டெக்னீஷியனுடையது நெய்யில் ஊறி உப்பியிருந்தது. என்னுடையது கல் மாதிரி இருந்தது. என் குற்றம் ருசுவாகிவிட்டது. அவருடையதும்தான்.

"ஆயா, நல்லா காப்பாத்தின போ" என்றார் டெக்னீஷியன்.

ஆனால் அவர் வேலை தப்பியது. லேபில் சாப்பிட்டதற்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். மேடம் சீல் உடைக்காத இன்னொரு பாட்டிலை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். கட்டிகளுக்குள் அடைந்திருந்த காற்று முழுக்கப் போகாததால்தான் எண் ஆடியதாம். இந்தத் தடவை ரொம்ப நேரம் காற்றை இழுத்தார். எண் நின்றது. மிளகே தேவைப்படவில்லை.

எனக்குத் தண்டனை ஒரு நாள் டிரெய்னிங். நடத்துவதற்கு டெக்னீஷியனைப் போட்டார்கள். அவருக்கும் அது தண்டனைதான். பெரிய அறையில் நானும் அவரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"சாம்பிளைத் தொடக்கூடாது. தெறக்கக்கூடாது. எதையும் போடக்கூடாது. புரிஞ்சுதா ஆயா?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு. இங்க எழுதணும். அப்புறம், கத்துக்கிறவங்க கேட்ட கேள்வின்னு ஒரு எடம் கீது. ஒண்ணாவது கேளு."

ரொம்ப நேரம் யோசித்தேன். அவ்வளவு தூரம் வற்புறுத்தினாரே என்று கேட்டேன்.

"கிராம்பு போடலாமா?"

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்து, அந்த இடத்தில் 'கேள்வி எதுவும் இல்லை' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.