தண்ணி கம்பவுண்டர்

புதினா மணக்கும் அந்த வெள்ளை மருந்தைத் திருடிக் குடித்ததோடு நிற்காமல், அதைக் கலந்து கொடுத்த நல்ல மனிதருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு கெட்ட பெயரையும் வாங்கிக் கொடுத்தவன் நான்.

அறுபதுகளில் என் நைனா செஞ்சியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். வேளைக்குச் சாப்பிடாமல் வயிற்றில் புண். எரிச்சல் வந்தால் தராசுச் சங்கிலியைப் பிடித்தபடி குனிந்து நிற்பாரே தவிர முனகமாட்டார். ஒரு வேளை "மிக்சர்" மருந்து உள்ளே போனதும் பெரிதாக ஏப்பம் விட்டு நிமிர்ந்துவிடுவார். அந்த அதிசயத்தைச் செய்தவர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மரியதாஸ். நாம் கொண்டுபோகும் பாட்டிலைக் கழுவி, மருந்தை ஊற்றி, பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை அதன் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல், ஒரு வேளை.

அந்த ருசிக்கு மயங்கி நான் தினமும் ஒரு பல் அளவு குடித்தேன். பட்டை காட்டிக்கொடுத்துவிடுமே என்று, நிறம் ஒத்துப்போன புளித்த நீராகாரத்தை ஊற்றிச் சரிக்கட்டினேன். நைனாவின் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் பின்னால் போனேன்.

"யோவ் கம்பவுண்டரே, இன்னாய்யா இது? பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தறியா?"

"அதான் மருந்து அண்டா கொறையவே மாட்டேங்குது!" என்று வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

மரியதாஸ் மூடியைத் திறந்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். "என் தப்புதாண்ணே. வேற கலந்து தரேன்" என்றார்.

அன்றிலிருந்து ஊருக்கே அவர் "தண்ணி கம்பவுண்டர்."

வேலைக்குப் போன பிறகுதான், ஓய்வு பெற்று அவலூர்பேட்டையில் இருந்த அவரைத் தேடிப்போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"புளிச்ச நாத்தம் அன்னிக்கே தெரிஞ்சிடுச்சி தம்பி. உங்க நைனா இருந்த கோவத்துக்கு உன் முதுகுத்தோலு மிஞ்சியிருக்காது. அவருகிட்ட சொன்னியா?"

அன்று மாலையே சொன்னேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அவலூர்பேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பிய நைனா, "கையப் புடிச்சி மன்னிப்பு கேட்டேன். 'வயிறு இப்ப எப்படி இருக்குதுண்ணே'ன்னு கேக்கறாரு அந்த மனுசன்" என்றார். பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது எனக்கும் அதே எரிச்சல்; காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டால் அடங்கிவிடுகிறது. பல் வெட்டிய காகிதப் பட்டையும் இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. அந்தப் பட்டப்பெயர் மட்டும் இருக்கிறது. டீக்கடையில் என் வயதுக்காரர்கள் அதைச் சொல்லும்போதெல்லாம், "ஊத்தினது நான்தாய்யா" என்கிறேன்.

"அட போய்யா, செத்தவருக்காகப் பழிய ஏத்துக்கிறியா?" என்று சிரிக்கிறார்கள்.