மாத்திரை கவுண்டர் வாசலில் நான் போட்ட கூச்சல்

போன வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி மாத்திரை கவுண்டர் வாசலில், அடி வாங்காமல் தப்பித்தேன்!

அடிக்க வந்தது என் பேஷண்ட் இல்லை. பேஷண்ட்தான் என்னைக் காப்பாற்றினார்.

நான் பெங்களூரில் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சைக்காலஜிஸ்ட். (மாத்திரை எழுதித் தராத டாக்டரம்மா என்று அங்கே எனக்குப் பெயர்.) சொந்த ஊர் திண்டுக்கல். கன்னடம் இன்னும் தத்தக்கா பித்தக்காதான்.

செல்வி அக்கா என்னிடம் வந்துகொண்டிருப்பவர். நீலசந்திராவில் வீடு, ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. மனச்சோர்வு வந்து மாதக்கணக்கில் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். மருந்தும் பேச்சுமாக இப்போது நன்றாகத் தேறிவிட்டார்.

திங்கட்கிழமை அவர் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். அன்றைக்கு வராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு பயம். லைன் சூப்பர்வைசர்!

"அவரு கத்துனா எனக்கு கை மரத்துப் போயிடுது மேடம். போன தடவ மிஷின அப்டியே விட்டுட்டு வெளிய ஓடிட்டேன். இந்த வாட்டியும் ஓடுனேன்னா அவ்ளோதான், வேல போச்சு."

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒத்திகை! நான் சூப்பர்வைசராக மாறிக் கத்த வேண்டும். அக்கா ஓடாமல் நின்று, 'மெதுவா சொல்லுங்க சார், முடிச்சுத் தர்றேன்' என்று சொல்ல வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், எனக்குக் கத்த வராது!

"செல்வி, ஏன் இன்னும் வேலை முடியல?" என்று முறைத்தேன்.

அக்கா சிரித்துவிட்டார். "காப்பி குடிச்சியான்னு கேக்கற மாரி இருக்கு மேடம்."

"என்ன பண்றதுக்கா, ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல கேட்டாக்கூட 'சரிங்கண்ணா'ன்னு ஏறி உக்காந்துடுவேன்."

இதற்குள் பக்கத்து மேஜையில் ஒரு குழந்தைக்கு டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்த தோழி உதட்டில் விரலை வைத்தாள். மூன்று பேருக்கு ஒரே ரூம். இருமினாலே முறைப்பு வரும். அதனால் வெளியே வராந்தாவுக்குப் போனோம். (என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்!) மாத்திரை கவுண்டர் க்யூ அங்கேதான் நிற்கும்.

"அவர் என்னதான்க்கா சொல்லிக் கத்துவார்?"

"'மனேகே ஹோகு'ம்பாரு மேடம். வீட்டுக்குப் போன்னு. அதக் கேட்டாதான் எனக்கு உசுரே போயிடும்."

கண்ணை மூடிக்கொண்டேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னை ஏமாற்றிய அத்தனை ஆட்டோக்காரர்களையும் நினைத்துக்கொண்டேன்.

"ஏய்! எத்தன தடவ சொல்றது? உன்னால ஒண்ணும் ஆகாது! மனேகே ஹோகு! இனிமே இந்தப் பக்கமே வராத!"

எனக்குள் இவ்வளவு சத்தமா! எனக்கே பெருமையாக இருந்தது.

கண்ணைத் திறந்தால், க்யூ மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிற ஜனங்கள். அவர்கள் கண்ணில் பட்டது ஒன்றுதான்: ஒரு டாக்டரம்மா நோயாளியை வீட்டுக்குப் போ என்று துரத்துகிறாள்!

ஒயர் கூடை வைத்திருந்த ஒரு அம்மாதான் முதலில் பாய்ந்தார். "ஏம்மா! கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னா எங்கள நாய் மாரி வெரட்டுவியா? உங்கப்பன் வீட்டு ஆஸ்பத்திரியா இது?"

"பெரிய டாக்டர கூப்புடுங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"ஏனாயித்து மேடம்? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே செக்யூரிட்டி ஓடி வருகிறார்.

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இருந்த சத்தத்தையெல்லாம் முன்னாடியே செலவழித்துவிட்டேனே! கை மரத்துப் போனது. ஓடிவிடலாமா என்று தோன்றியது, சத்தியமாக.

அப்போதுதான் செல்வி அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் மெதுவா பேசுங்க. மேடம் என்ன வெரட்டல. நான்தான் திட்டச் சொன்னேன்."

"திட்டச் சொன்னியா? எதுக்கு?"

"திங்கக்கெழம வேலைக்குப் போறேன். அங்க ஒருத்தர் இப்டித்தான் கத்துவாரு. ஓடாம நிக்கப் பழகிக்கறேன்."

ஒயர் கூடை அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இன்னொரு வாட்டி திட்டும்மா. எப்டி நிக்கறான்னு நானும் பாக்கறேன்."

திட்டினேன்! அக்கா அசையாமல் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னார். க்யூவில் கைதட்டல். (ஒயர் கூடை அம்மா கிளம்பும்போது, "எம் மாமியாருக்கு எதிரா நிக்க எனக்கும் சொல்லித் தரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.)

ஆனால் அந்த இரண்டாவது ஒத்திகையே தேவைப்பட்டிருக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். அதற்கு முன்பே அக்கா நிஜமான கூட்டத்தைப் பார்த்து 'மெதுவா பேசுங்க' என்று சொல்லிவிட்டார். மரத்துப்போய் நின்றது நான்தான்!

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், எல்லாம் நல்லபடி என்றால் ஒரு மிஸ்டு கால். பிரச்சினை என்றால் நான் எடுக்கும்வரை மணி அடிக்க வேண்டும்.

இன்றுதான் அந்தத் திங்கட்கிழமை.

மதியம் செல் அடித்தது. நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"மேடம், கத்துனாரு."

"அய்யோ. அப்புறம்க்கா?"

"நின்னேன். 'மெதுவா சொல்லுங்க சார், முடிச்சுத் தர்றேன்'னேன். ஒரு மாரி பாத்துட்டு அடுத்த மிஷினுக்குப் போய்ட்டாரு. சாப்ட்டுட்டு மறுபடி உக்காரப் போறேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதுக்கு மிஸ்டு கால் விட்டிருக்கலாமேக்கா! எனக்கு உயிரே போயிடுச்சு!"

"வாயால சொல்லணும் போல இருந்துச்சு மேடம். ஆனா ஒண்ணு, அவரு கத்தல் உங்க அளவுக்கு வரல!"

இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயரை மாற்றி எழுதச் சொன்னார். மாற்றியிருக்கிறேன். போனை வைக்கும் முன் எனக்கு ஹோம்வொர்க் வேறு கொடுத்தார்.

"சாய்ங்காலம் ஆட்டோலதானே போவீங்க? மீட்டர் போடச் சொல்லுங்க. போட்டாருன்னா எனக்கு ஒரு மிஸ்டு கால்!"

நண்பர்களே, இப்போது வீட்டுப் பக்கத்து ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

மிஸ்டு கால் கொடுத்துவிட்டேன்!