ஆறு பக்க இந்திக்குக் கீழே ஒரு தமிழ்க் கையெழுத்து

கைபேசித் திரையில் அந்தக் கையெழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிய கணத்தில்தான் அது பிடிபட்டது. ஆறு பக்கமும் இந்தி. ஆறாம் பக்கத்தின் அடியில் கோணலாக, தமிழில், என் அக்கா வீட்டுக்காரரின் பெயர்.

"மாமா இதைப் படிக்கவே இல்ல புள்ள!" என்று கத்தினேன்.

எதிரே உட்கார்ந்திருந்த தோழிக்குக் கேட்கவில்லை. கீழே எங்கள் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நோட்டில் எழுதிக் காட்டினேன்.

குமாரபாளையத்தில் தறிப்பட்டறைக்கு மேல் எங்களுக்கு ஒரே ஓர் அறை. நானும் ஓமலூர்க்காரியான அவளும் சட்டக் கல்லூரியின் கடைசி வருஷத்தை அங்கேதான் படித்தோம். படித்தோம் என்பதைவிடக் கத்தினோம் என்பதே சரி. அரசியல் சாசனத்தின் பாதி எனக்கு இன்றும் தறிச் சத்தத்தோடுதான் ஞாபகம் வரும்.

மாமா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டால் வடக்கே மாதக்கணக்கில் போர் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துளை போட்ட ஒவ்வோர் இடத்தையும் பாயிண்ட் நோட்டில் குறிக்க வேண்டும்: கண்ணில் படுகிற பெரிய அடையாளம் எது, அங்கிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், தண்ணீர் உண்டா இல்லையா. அந்த அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து, நோட்டுப் பக்கத்தோடு சேர்த்து ஊரில் இருக்கும் வண்டி முதலாளிக்கு அனுப்ப வேண்டும். மாமா எல்லை மாவட்டம் ஒன்றில் அதைத்தான் செய்தார். அங்கே பெரிய அடையாளம் ராணுவ முகாமின் கேட். ‘கேட்டுக்கு எதுக்க இருநூறு அடி’ என்று எழுதி, கேட்டையும் போட்டோ பிடித்துவிட்டார்.

வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்துவிடக் கூடும் என்று தடுப்புக் காவல். அதற்கான காரணங்கள்தான் அந்த ஆறு பக்கம். வண்டி மேனேஜர் எப்படியோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

தோழி எப்போதும் அரசாங்கத்தின் பக்கம்தான் பேசுவாள். அன்றும் விடவில்லை.

"குண்டு வெடிச்சதுக்கப்புறம் புடிச்சு என்ன புள்ள புண்ணியம்? எல்லையில நிக்கறவன் சந்தேகப்படத்தான் செய்வான்."

"சந்தேகப்படட்டும். ஆனா எதுக்குன்னு அவருக்குப் புரியற மாதிரி சொல்லோணுமில்ல? சாசனத்துல இருபத்திரண்டாம் பிரிவு அதைத்தானே சொல்லுது!"

"அதுக்கு அடுத்த வரியையும் படி. பொதுநலனுக்கு ஆகாதுன்னா விவரத்தை மறைக்கலாம்."

"மறைக்கறது வேற, புரியாத மாதிரி குடுக்கறது வேற! வக்கீலும் கெடையாது, காரணமும் புரியாது. இது சட்டமில்ல, அராஜகம்! அரசாங்கம் பண்றது—"

அந்த நொடி கரண்ட் போனது. தறிகள் ஒரே அடியில் நின்றன. "அயோக்கியத்தனம்!" என்று நான் கத்தியது தெரு முனைவரை போயிருக்கும்.

கீழேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஏஞ்சாமி, மாப்பிள்ளைய மீட்டுட்டு அப்புறம் நீ உள்ள போ. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அலைய என்னால ஆகாது."

தோழி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். எழுந்ததும் அவள் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது.

"உங்க மாமா இந்தி பேசுவாரில்ல?"

பேசுவார். பதினைந்து வருஷமாக வடக்கே போகிறவர், வெளுத்து வாங்குவார். ‘அவருக்கு இந்தி தெரியும், வாயாலும் விளக்கிவிட்டோம்’ என்று அதிகாரிகள் எழுதிவிட்டால் என் வாதம் அவ்வளவுதான். பேசத் தெரிந்தவருக்குப் படிக்கத் தெரியாது என்று எதைக் காட்டி நிரூபிப்பது? இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை.

ஓட வைத்தது அக்கா. அவளுக்கு எங்கள் பிரிவும் உட்பிரிவும் எரிச்சல். "உங்க சட்டம் கெடக்குது. அவரு எப்ப ஊட்டுக்கு வருவாருன்னு ஒருத்தியாச்சும் சொல்லுங்களேன்" என்று அழுதவள், முதலாளி அனுப்பியிருந்த பாயிண்ட் நோட்டுப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். திடீரென்று அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு.

"இதென்னடி, ஊர்ப் பேரையெல்லாம் காதுல உழுந்த மாதிரி தமிழ்ல எழுதி வெச்சிருக்கறாரு? பலகையப் பார்த்து ரெண்டு எழுத்து எழுதத் தெரியல பாரு, மனுசனுக்கு."

நானும் தோழியும் ஒருவரையொருவர் பார்த்தோம். எல்லா வருஷத்து நோட்டும் அப்படித்தான். ஒவ்வொரு வடநாட்டு ஊரும் தமிழ் எழுத்தில். ஓர் இந்தி எழுத்துகூட இல்லை. அவரை மாட்டிவிட்ட நோட்டுதான் எங்களுக்குச் சாட்சி.

அவர் சார்பாக அக்கா பெயரில் முறையீட்டு மனு எழுதினோம். பழைய பக்கங்களின் நகல்களை இணைத்தோம். கேட்டைப் போட்டோ பிடித்தது ஏன் என்று முதலாளியிடம் கடிதம் வாங்கினோம். அதோடு கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் பெட்ரோல் பங்கும் இருக்கிற வேறு முப்பது படங்கள். அரசாங்கத்தின் பக்கம் பேசுகிற தோழிதான் ஒவ்வொரு வரியிலும் ஓட்டை கண்டுபிடித்து அடைத்தாள். காவல் சரிதானா என்று பார்க்கும் ஆலோசனைக் குழு கூடுவதற்குள் அனுப்பிவிட்டோம். தபால் ரசீதை அக்கா சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

ஆணை திரும்பப் பெறப்படுகிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஏன் என்று இல்லை. எங்கள் வாதம் ஜெயித்ததா, போட்டோக்களா, அல்லது யாருக்கோ சலித்துவிட்டதா என்று இன்றுவரை தெரியாது. மாமா ஈரோடு ஸ்டேஷனில் இறங்கியபோது அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்த ஒற்றை வரி போதவில்லை.

இப்போது நான் சேலத்தில் ஜூனியர் வக்கீல். தோழி சென்னையில். பாதுகாப்பா உரிமையா என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் வாதாடும்போது அவளுக்குத்தான் போன் செய்கிறேன். அவள் இன்னமும் அரசாங்கத்தின் பக்கம்தான். என் அறை அமைதியானது, மின்விசிறிச் சத்தம் மட்டும். அதில் எனக்கு வாதமே சரியாக வருவதில்லை. கத்த வேண்டியிருந்தபோது சொற்களைச் சுருக்கத் தெரிந்திருந்தது.

போன வாரம் ரிக் வண்டிக்காரர்களுக்காகத் தமிழில் நான்கு பக்கம் எழுதி மாமாவிடம் கொடுத்தேன்: பிடித்தால் என்ன கேட்க வேண்டும், எங்கே கையெழுத்துப் போடாமல் நிறுத்த வேண்டும் என்று. முதல் பக்கத்திலேயே கொட்டாவி விட்டார்.

"கம்ப்ரசர் ஓடறப்ப காதுல கத்தற மாதிரி சொல்லு சாமி. அதுக்கு மேல எவன் கேப்பான்?"

ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டி மறுபடி வடக்கே கிளம்புகிறது. அதற்கு முன் திருச்செங்கோட்டு ஷெட்டுக்குப் போய், கம்ப்ரசரை ஓடவிட்டு, பக்கத்தில் நின்று கத்திப் பார்க்கப் போகிறேன். நான்கு பக்கம் இப்போதைக்கு மூன்று வாக்கியமாகியிருக்கிறது. முதல் வாக்கியம்: "எழுத்துல குடுங்க, தமிழ்ல குடுங்க."