முந்திச் சிரித்தவர்

எங்கள் சித்தப்பா ஒரே ஒரு தடவை சிரித்த சிரிப்பை ஊர் ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அளக்கிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். இதே பேச்சுக்காக ஐந்தாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தப்பட்டவள் நான். அன்றைக்கே வாயை மூடவில்லை, இப்போதா மூடப் போகிறேன்?

அந்தக் காலத்தில் ரிக்கார்டு என்றால் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். 'குழாயடிப் போர்'. பக்கத்துக்கு ஏழு நிமிஷம். ராஜா ராணி நாடகங்களைக் கேலி பண்ணி இரண்டு பேர் பேசியது. ராஜா போருக்குப் புறப்படுவார், போர் நடப்பது தெருக்குழாயில். ராஜா செந்தமிழில் முழங்குவார். ராணி நம் வீட்டுப் பேச்சில் பதில் சொல்வாள்.

"தேவி! படைகள் திரண்டுவிட்டனவா?"

"திரண்டாச்சு பிரபு. முப்பது குடம், நாலு அண்டா. எதிர்வீட்டுக்காரி விடியறதுக்கு முன்னாடியே கல்லைப் போட்டு இடம் புடிச்சிட்டா."

"துரோகி! தேவி, எடு என் வாளை!"

"வாளியா? அது அடியில ஓட்டை பிரபு. குடத்தைத் தூக்கிட்டு ஓடுங்க, தண்ணி நிக்கப் போகுது!"

இதில் ஒரு விசேஷம் உண்டு. 'எடு என் வாளை' என்று ராஜா முழங்கி முடித்ததும், ராணி வாயைத் திறப்பதற்கு முன்பே ஒருவர் சிரிப்பார். பழைய சைக்கிள் பம்பு மாதிரி இரண்டு இழுப்பு, அப்புறம் டயர் வெடித்த மாதிரி ஒரே வெடி. கூடவே 'டங்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் வாளி வரும்.

நானும் சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ரிக்கார்டுப் பெட்டிக்கு முன்னால் தலையை முட்டிக்கொண்டு கேட்போம். முள் குதிக்காமல் இருக்க அதன் தலையில் ஒரு பொத்தானை ஒட்டியிருந்தார்கள். 'வாளை' என்றதும் நாங்களும் முந்திச் சிரிப்போம். அந்தச் சிரிப்பு இல்லாமல் எங்களுக்கு அந்த வசனமே இல்லை. அம்மா குளியலறை வாளியைக் கடைசிவரை 'வாள்' என்றுதான் சொன்னாள். "என் வாளை எவடி எடுத்தது?" என்று அவள் கத்தினால் தெருவில் போகிறவர்கள் திடுக்கிட்டு நிற்பார்கள்.

ஊரிலும் அப்படித்தான். பேச்சு முடிவதற்குள் பதில் சொல்கிறவனை "குழாயடி மாதிரி முந்தாதே" என்பார்கள். அந்த முந்திச் சிரித்த ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. அட்டையில் ராஜா பெயர் உண்டு, ராணி பெயர் உண்டு, சிரித்தவர் பெயர் இல்லை. அவர் எங்கள் சித்தப்பா. அதைத்தான் வகுப்பில் எழுந்து சொன்னேன். "சிரிப்புக்குக்கூடவா சொந்தம் கொண்டாடுவே? ஏறு மேல!" என்றார் வாத்தியார்.

சித்தப்பா மின்வேலை செய்கிறவர். தோளில் ஏணி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் ஏணிக்காரர். இருபத்தாறு வயதில் ஒரு நாள் ஃபேன் ரிப்பேருக்குக் கூப்பிட்டார்கள் என்று ஒரு மாடி அறைக்குப் போனார். சுவரெல்லாம் கம்பளி தொங்கியது, நடுவில் ஒரே ஒரு மைக். மேலே ஏறி ஃபேனின் மூடியைக் கழற்றும்போதே, "ஏணிக்காரரே, இறங்காதீங்க, ஏணி கிறீச்சிடுது. இந்த ஒரு தடவை பேசி முடிச்சிடறோம்" என்று சொல்லிவிட்டார்கள். உச்சிப் படியில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார் மனுஷன். ராஜா முழங்கினார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வெடித்தது. ஸ்பேனர் கைநழுவித் தரையில் விழுந்தது. அந்த 'டங்' அதுதான்.

பதிவைக் கெடுத்துவிட்டோம், அடிக்க வருவார்கள் என்று பயந்து, அவர்கள் பேசி முடித்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு சலூனில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது தன் சிரிப்பைத் தானே கேட்டார். துள்ளி எழுந்ததில் கன்னத்தில் கத்தி பட்டு, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த மாடிக்கு மறுபடி போய்ப் பார்த்தாராம். அங்கே தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

இதை யார் நம்புவார்கள்? முதலில் நம்பாதவர் சித்தியின் அண்ணன், லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர்.

"சரி மாப்ளே, நீதான்னே வச்சுக்குவோம். ஜோக் வர்றதுக்கு முன்னாடியே ஏன் சிரிச்சே?"

"நான் பாத்தேன் மச்சான். பாத்துட்டு சிரிச்சேன்."

"ரிக்கார்டை எல்லாரும் கேப்பாங்க. உலகத்துலேயே ரிக்கார்டைப் பாத்துச் சிரிச்ச ஒரே ஆளு நீதான்!"

வீடே சிரித்தது. சித்தப்பா அதற்கு மேல் விளக்க மாட்டார். பேச்சு அவருக்கு வராது, கை வேலைதான் வரும். ஒருமுறை நூற்பு ஆலையில் மோட்டார் வேலைக்குப் போனபோது கேன்டீனில் விஷயம் தெரிந்து, "எங்கே, சிரிச்சுக் காட்டு" என்று சுற்றி நின்றுகொண்டார்கள். முயன்று பார்த்தார். இருமல் மாதிரி ஏதோ வந்தது. அன்று அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு வாயே திறந்ததில்லை. ரிக்கார்டு எங்கேயாவது ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கு வயிறு எரியும். செய்தவன் தலைகுனிந்து நடக்கிறான், கேட்டவன் கெக்கலிக்கிறான், இது என்ன நியாயம்?

போன வருஷம் ஒரு மருந்துக்கடைக்காரர் கிளம்பினார். பழைய கேலி ரிக்கார்டுகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவர். குழாயடிப் போரைச் சுத்தம் பண்ணி மறுபடி வெளியிடப் போகிறார், கூடவே ஒரு சின்னப் புத்தகம், அதில் பங்கு கொண்ட எல்லார் பெயரும் வரும் என்று கேள்விப்பட்டதும் நான் அவர் கடைக்கே போய்விட்டேன். அச்சுக்குப் போக வேண்டிய தாளைக் காட்டினார். கடைசி வரியில், 'அவசரப்பட்டுச் சிரித்தவர்: யாரென்று தெரியவில்லை' என்று இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"மேடம், இதுக்கு முன்னாடி மூணு பேரு வந்துட்டாங்க. ஆதாரம் வேணுமே."

"அந்த டங் சத்தம் ஸ்பேனர்."

"அது வாளிங்க. நாப்பது வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கத்துவதுதான் என் பிழைப்பு. அன்று மாத்திரை வாங்க வந்தவர்கள் மாத்திரை வாங்காமலே திரும்பினார்கள். மருந்துக்கடைக்காரர் நல்ல மனுஷன், பொறுத்துக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை காலையில ரிக்கார்டு வெளியீடு. ராணியம்மா வர்றாங்க, அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தவங்கள்ல அவங்க ஒருத்தங்கதான் மிச்சம். அவங்க சொன்னா மாத்திடறேன். இல்லேன்னா திங்கட்கிழமை புஸ்தகம் இப்படியே அச்சுக்குப் போயிடும்" என்றார்.

சித்தப்பாவைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அங்க போனா சிரிச்சுக் காட்டச் சொல்லுவாங்க. திறந்தா வர்றதுக்குச் சிரிப்பு என்ன குழாய்த் தண்ணியா?"

"நீங்க சிரிக்க வேணாம் சித்தப்பா. சும்மா வந்து உக்காருங்க."

"உன் வாயி? அது சும்மா இருக்குமா சண்டைக்காரி?"

திறக்க மாட்டேன் என்று என் ஸ்டியரிங் மேல் சத்தியம் பண்ணினேன். கூத்துப் பார்க்க வேண்டுமென்று சித்தியின் அண்ணனும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வழி முழுக்க, "மாப்ளே, இன்னிக்காவது ஜோக் முடிஞ்சதும் சிரி" என்று நச்சரித்துக்கொண்டே வந்தார். சித்தப்பா தன் விரல்களைப் பார்த்தபடி இருந்தார்.

நூலக மாடியில் நூறு நாற்காலி, எல்லாமே நிறைந்திருந்தது. முக்கால்வாசிப் பேர் என் வயசுக்காரர்கள். ராணியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். எண்பது வயது, குடைக்கம்பி மாதிரி உடம்பு, கண்ணில் சோடாப்புட்டிக் கண்ணாடி. முதலில் ரிக்கார்டைப் போட்டார்கள். 'எடு என் வாளை' வந்தது. அந்தச் சிரிப்பு வந்தது. நூறு பேரும் கூடவே முந்திச் சிரித்தார்கள், நானும்தான். பக்கத்தில் சித்தப்பா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

மருந்துக்கடைக்காரர் மைக்கில் பேசினார். அதென்னவோ கெட்ட நேரம், "அவசரக்குடுக்கை சிரிச்சதையே வரலாறாக்கிட்டோம்" என்று ஒரு வார்த்தை போட்டார். கூட்டம் கைதட்டியது. பின்வரிசையிலிருந்து சித்தியின் அண்ணன் செருமினார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியத்தை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். இந்த ஒரு காலை போய்விட்டால் எங்கள் சித்தப்பா காலத்துக்கும் 'யாரென்று தெரியவில்லை'தான்.

அப்போது யாரோ ராணியம்மாவிடம், அந்த ஒரு வசனத்தை நேரில் பேசிக் காட்டச் சொன்னார்கள். ராஜா இறந்து பல வருஷம் ஆகிறது, அவருக்குப் பதிலாக மருந்துக்கடைக்காரரே தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராணியம்மா கைத்தாங்கலை உதறிவிட்டு எழுந்தார்.

"தேவி, எடு என் வாளை!" என்று மருந்துக்கடைக்காரர் தாளைப் பார்த்து முழங்கினார்.

ராணியம்மா உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். இல்லாத குடத்தை இடுப்பில் ஏற்றினார். ராஜாவை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தார், உருப்படாத புருஷனை ஒருத்தி பார்ப்பாளே, அந்தப் பார்வை. அப்புறம் கழுத்தை வெட்டித் திருப்பினார். வாய் இன்னும் திறக்கவே இல்லை.

என் பக்கத்தில் பம்பு இரண்டு தடவை இழுத்தது. அப்புறம் வெடித்தது.

அதே சிரிப்பு! அம்மாடி, அதே சிரிப்பு! ஐம்பது வருஷ வயதுகூட ஏறவில்லை அதற்கு. சித்தப்பா முன்னால் குனிந்து, தொடையைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். கூடவே கூட்டமும் சிரித்தது, ராணியம்மாவைப் பார்த்து. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வசனம் இன்னும் வரவில்லையே என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

ராணியம்மா நெற்றியில் கைவைத்துக் கூட்டத்தைத் துழாவினார்.

"ஏணிக்காரரே! நீங்களா?"

சித்தப்பா எழுந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஆமாங்கம்மா. அன்னிக்குக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கணும்."

"கெடுத்தீங்களா? நல்லா இருக்கு போங்க! அதுக்கப்புறம் ஆறு தடவை பேசிப் பாத்தோம், ஒண்ணும் உருப்படல. உங்க சிரிப்பு இருந்ததைத்தான் போட்டோம்." ராணியம்மா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "இங்க பாருங்க எல்லாரும். அவசரம் அவசரம்ங்கறீங்களே, அவர் அவசரப்படல. ராஜா கண்ணு காகிதத்துல இருந்துச்சு. மெஷின்காரர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாரு. நான் அன்னிக்கு நடிச்சேன், வெறுமனே பேசல. அதை அந்த ரூம்லயே பாத்தது ஏணி மேல இருந்த இந்த ஒரு மனுஷன்தான். சரியான நேரத்துலதான் சிரிச்சாரு. ரிக்கார்டுல உங்களுக்கு நான் தெரியல, அவ்வளவுதான்."

நான் அழுதேன். வெட்கப்படவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சத்தமாகவே அழுதேன். சத்தியம் வாயைத் திறக்கக்கூடாது என்பதற்குத்தானே, அழக்கூடாது என்பதற்கு இல்லையே. எங்கள் சித்தப்பா! முந்திச் சிரித்த முட்டாள் இல்லை, பார்க்கத் தெரிந்த ஒரே ஆள்!

மருந்துக்கடைக்காரர் அங்கேயே பேனாவை எடுத்தார். 'அவசரப்பட்டு' என்பதைப் பட்டென்று அடித்தார். "ஐயா, பேரு எப்படிப் போடட்டும்?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "ராணியம்மா கூப்பிட்டாங்களே, அதையே போடுங்க. ஏணிக்காரர்."

"டங் சத்தம்?" என்றேன் நான். சத்தியம் அதோடு முடிந்தது.

"ஸ்பேனர்தான்" என்றார் ராணியம்மா. "என் கால்விரல் பக்கத்துல விழுந்துச்சு. நல்லவேளை! ஆனா ஏணிக்காரரே, அந்த ஃபேன் கடைசிவரைக்கும் ஓடவே இல்ல. மூடியைக் கழட்டிப் போட்டுட்டு ஓடிட்டீங்களே."

அதுவரை மலர்ந்திருந்த சித்தப்பா முகம் சுருங்கியது. பாராட்டெல்லாம் மறந்துபோய், "ஓடவே இல்லையா?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

காரில் திரும்பினோம். பின்சீட்டில் சித்தியின் அண்ணன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். எங்கள் தெரு திரும்பும் இடத்தில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"மாப்ளே. இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

சித்தப்பா முன்சீட்டிலிருந்து மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"சொன்னேனே மச்சான். பாத்தேன்னு சொன்னேனே."