முகவாய்க்குக் கொடுத்த கை

போன வாரம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகி என்னைப் பிடித்துக்கொண்டார். வாலாஜாபாத் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. அவர் விடுவதாக இல்லை.

"மேடம், உங்க எழுத்தைவிட, வாராவாரம் அதுக்கு மேல போடுற உங்க படம்தான் எனக்கு உசுரு. முகவாய்ல கைய வெச்சுக்கினு, எதையோ யோசிச்சுக்கினு... அப்படி என்னதான் யோசிப்பீங்க?"

சொல்லிவிடட்டுமா? பன்னிரண்டு வருட ரகசியம்...

நான் யோசிக்கவில்லை அம்மணி. மறைத்தேன்!

என் முகவாயில் முடி. பூனை முடி என்று நினைத்துவிடாதீர்கள். கறுகறுவென்று, கம்பி கம்பியாக, என் பேனாவைவிட வேகமாக வளரும் முடி. கல்யாண வீட்டு வீடியோவா, ஆண்டு விழா மேடையா, எங்கே கேமரா தெரிந்தாலும் என் வலது கை தானாக மேலே போய்விடும். நீங்கள் அதை 'சிந்தனை' என்று நினைத்தீர்கள். நானும் திருத்தவில்லை. சும்மா கிடைக்கிற பெருமையை யார் வேண்டாம் என்பார்கள்?

ஆகஸ்ட் ஆரம்பத்தில் வந்தது வினை. பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"பொங்கல் இதழ்லேர்ந்து புது டிசைன். உங்க படமும் புதுசு. இந்தத் தடவை கையைக் கீழே வெச்சுக்கோங்க, முகம் முழுசாத் தெரியணும்."

முழுசாகவா! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு நாள் விசாரித்ததில், சென்னையில் லேசர் வைத்து முடியை எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஓடினேன். டாக்டர் சின்னப் பெண். முகவாயைப் பார்த்தார், தேதி கொடுத்தார், வருவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒரு தாளும் கொடுத்தார்.

தாளை பஸ்ஸில் படித்தேன். படித்தேன் என்பதைவிட, பார்த்தேன். 'முந்தைய நாள் முடியை நீக்கிவிட்டு வரவும்' என்பது மனதில் நின்றது. மிச்ச வரிகள் எல்லாம் ஜன்னலோர சீட்டுச் சண்டையில் போயே போய்விட்டன.

இந்த இடத்தில் என் நாத்தனார் சரசுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சரசு அடுத்த தெருவில் இருக்கிறாள். தறியிலிருந்து இறங்கிய பட்டுப் புடவை கடைக்குப் போகும் முன் அவள் கைக்குத்தான் வரும். வெளிச்சத்தில் விரித்துவைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு ஒவ்வொன்றையும் சின்ன இடுக்கியால் எடுப்பாள். பிசிறோடு ஒரு புடவை அவள் வாசலைத் தாண்டியது கிடையாது. வம்பு என்னவென்றால், அவள் புடவையோடு நிறுத்துவதில்லை. ஒரு தடவை கோயில் வரிசையில், முன்னால் நின்ற யாரோ ஒருவரின் காலரில் தொங்கிய நூலை இழுத்துவிட்டாள். அவர் சங்கிலித் திருடி என்று கத்தி, பெரிய கலாட்டா!

அவளிடம் போய், "நாளைக்கு லேசர், முடியை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்று சொன்னால்?

"இவ்வளோ நாளா ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல? வாங்க, வெளிச்சத்துக்கு வாங்க!"

மத்தியானம் பூராவும் நடந்தது. நான் 'ஆ, ஊ' என்று கத்த, அவள் எண்ணிக்கொண்டே எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தேன். நிலா! இதற்கு எதற்கு லேசர் என்றுகூடத் தோன்றியது. தேதி வாங்கியாகிவிட்டதே என்று மறுநாள் இருவரும் கிளம்பினோம்.

டாக்டர் விளக்கைத் திருப்பினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"முடி எங்கேம்மா?"

"நான்தான் டாக்டர் எடுத்தேன்" என்றாள் சரசு, பரிசு வாங்க வந்தவள் மாதிரி. "வேரோட! ஒண்ணு விடல."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அந்தத் தாளை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். 'ஷேவ் மட்டும் செய்யவும். பிடுங்கக் கூடாது.' கொட்டை எழுத்தில் இருந்தது. உங்களுக்கு வாராவாரம் எழுதுகிறவளுக்குப் படிக்கத் தெரியவில்லை!

நாங்கள் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நிற்க, டாக்டர் விளக்கினார். லேசர் என்பது வெறும் வெளிச்சம்தான். தோலைத் தாண்டி உள்ளே போகும். முடிக்குக் கறுப்பைத் தருகிற மெலனின் அந்த வெளிச்சத்தைக் குடித்துவிடும். குடித்தது சூடாக மாறும். அந்தச் சூடு வேரைச் சுற்றிப் பரவி, முடி முளைக்கிற இடத்தையே கெடுத்துவிடும். முடியை வேரோடு பிடுங்கிவிட்டால் வெளிச்சத்தைக் குடிக்க அங்கே எதுவும் இல்லை. ஷேவ் செய்தால் வேர் உள்ளே அப்படியே இருக்கும். எரிந்து தோலைச் சுட மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது.

சரசு யோசித்தாள். "கறுப்புத் துணிய வெயில்ல போட்டா தொட முடியாம சுடுது. வெள்ளை சும்மாதான் இருக்குது. அதானே டாக்டர்?"

"அதேதான்!"

"அப்ப எங்க அண்ணி தோலும் கறுப்புதானே. அது சுடாதா?"

அடிப் பாவி! ஆனால் கேள்வி சரியான கேள்வியாம். டாக்டர் அசந்துபோனார். நம் மாதிரித் தோலிலும் மெலனின் நிறைய இருப்பதால், அலைநீளம் அதிகமான லேசரை எடுக்கிறார்களாம். தோலின் கறுப்பு அதைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஆழமாகவும் போகும். தோலைக் குளிர வைத்துக்கொண்டே அடிப்பார்கள்.

"வெள்ளை முடி?" இது நான்.

"லேசருக்கு அது கண்ணே தெரியாது."

என் வயது நாற்பத்தாறு. முகவாய் நரைப்பதற்குள் லேசர் முந்த வேண்டும்! அது மட்டுமா? முடிகளில் ஒரு பங்கு வளரும், ஒரு பங்கு ஓய்வெடுக்கும். வளர்கிற முடிதான் லேசரிடம் சிக்கும். அதனால் ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பல தடவை வர வேண்டும். பொங்கலுக்கு முன் நான்கு தடவை என்று கணக்கு வந்தது. ஒன்றை சரசு பிடுங்கிவிட்டாள்.

பஸ்ஸில் சரசுவுக்குத் தாமல் ஏரி அளவுக்குக் கண்ணில் தண்ணீர். "நான் கெடுத்துட்டேன் அண்ணி" என்றாள். படிக்காமல் விட்டது நான், அழுவது அவள். எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. சிரிப்பும் பொங்கியது. என்ன செய்ய?

பிடுங்கிய முடி திரும்ப முளைக்கக் காத்திருந்த ஆறு வாரம் யாருக்குக் கொடுமை என்கிறீர்கள்? எனக்கில்லை. நான் வீட்டுக்காரரின் ரேசரைத் திருடி ஷேவ் செய்துகொண்டேன். அவர் பிளேடு மொக்கை என்று கம்பெனியைத் திட்டினார். ஆனால் ஷேவ் செய்த முகவாயில் கறுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்க்குமே... சரசுவின் விரல்கள் துடிக்கும். இடுக்கியைச் சாமி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிடுங்க அண்ணி, என்னால முடியல" என்பாள்.

பிறகு மூன்று தடவை போனோம். ரப்பர் பேண்டால் சுண்டியது போல் சுரீர், கொஞ்சம் தீய்ந்த வாசனை, முடிந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரத்தில் முடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. முழுசாகப் போகவில்லை, ஆனால் வருவது மெலிந்து, அரிதாகிவிட்டது. நான் வீட்டுக்குள் குதித்தேன். நாற்பத்தாறு வயதில்!

போட்டோகிராபர் வந்தார். கையை மடியில் வைத்தேன். அது பாட்டுக்கு மேலே வந்தது. "மேடம், கை!" என்றார். திரும்ப வைத்தேன், திரும்ப வந்தது. பத்துப் படம் எடுத்தார். எல்லாவற்றிலும் களவாணி மாதிரி முழிக்கிறேன். பதினோராவது கிளிக்கின்போது சரசு வீறிட்டாள்.

"அண்ணி! ஒரு வெள்ளை! லேசருக்குத்தான் கண்ணு தெரியாது, எனக்குத் தெரியும்!"

இடுக்கியோடு பாய்ந்தாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆசிரியர் அந்தப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

மேலே பாருங்கள். முகவாயில் இப்போதும் ஒரு கை இருக்கிறது... என்னுடையது இல்லை!