நான்கு பேர் ஏறிய நிறுத்தம்

அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். பேருந்து நிறுவனத்தின் தடப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எந்தத் தடத்தை நீட்டலாம், எதை வெட்டலாம் என்று பார்த்து எழுதுவது அவள் பொறுப்பு. நடத்துநர்களின் டிக்கெட் மெஷின்களிலிருந்து வரும் எண்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரர் நாற்காலியோடு கவிழ்ந்தாலும் நிமிர மாட்டாள். சிபாரிசுக்கும் மசிய மாட்டாள். யாரோ ஒரு பெரிய மனிதரின் வீட்டு வாசலுக்குப் பஸ்ஸை வளைக்கச் சொல்லி ஒருமுறை ஆள் வந்தபோது, "அவர் வீட்டுல மொத்தம் எத்தனை பேரு? அஞ்சா? போய் இருநூறு பேரோட வாங்க" என்று அனுப்பிவைத்தாள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் தராசு. அவளுக்கு அதில் பெருமை. நியாயமான பெருமைதான். எண்ணைக் காட்டி ஒரு பெரிய மனிதரைத் திருப்பி அனுப்பியவள் இந்த ஊரில் வேறு யார்?

வீடுதான் அவளுக்குப் போதவில்லை. நகரத்தின் நடுவில், மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. அவள், அச்சகத்தில் மெஷின் ஓட்டும் கணவர், பத்து வயது மகள். போன வருடம் அப்பாவும் வந்து சேர்ந்தார். நாற்பது வருடம் வெல்டிங் வேலை செய்த மனிதர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். திரும்பி வந்தால் பீரோவுக்கும் ஃப்ரிஜ்ஜுக்கும் நடுவில்தான் படுக்கை. யாராவது ஃப்ரிஜ் பக்கம் வந்தால் காலை மடக்கிக்கொள்வார்.

"ரயில் வருது, கேட்டைத் தூக்கறேன், சீக்கிரம் பாலை எடுத்துக்கோ" என்று பேத்தியிடம் சொல்வார். பேத்தி வாஷிங் மெஷினின் மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருப்பாள். மெஷின் ஓடுகிற நாளில் அவளுடைய கையெழுத்து நடுங்கியிருக்கும்.

பெரிய வீடு தேடினார்கள். நடு நகரத்தில் இரண்டு அறைக்குக் கேட்ட வாடகையைக் கேட்டுக் கணவர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஓர் இரவு தராசு தன் தடப் பட்டியலை மனதுக்குள் புரட்டினாள். பஸ் குறைந்த இடத்தில் வாடகையும் குறைவாகத்தான் இருக்கும். அப்படித்தான் கால்வாய் ஓரத்துக் குடியிருப்பைப் பிடித்தாள். முதல் மாடியில் மூன்று அறை, பால்கனி. வாடகை, இப்போது கொடுத்துக்கொண்டிருந்ததேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரகர் தன் காரிலேயே அழைத்துப்போனார். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கணவர் மூன்று அறைக்குள்ளும் போய் மூன்று முறை கைதட்டி, எதிரொலி கேட்டுவிட்டு வந்தார்.

"இந்த வாடகைக்கு இவ்வளவு பெரிய வீடா? பேய் கீய் இருக்குதா?"

"பேயெல்லாம் இல்ல. பஸ் இல்ல, அவ்வளவுதான்."

"ஏன் இல்ல?"

"நான்தான் எடுத்தேன். முன்னாடி உள்ள வரைக்கும் வந்துச்சு. காலையில ஒரு நடைக்கு நாலே பேரு ஏறினாங்க, ஒரு வருஷமா. அதான் போன வருஷக் கடைசியில பாலத்து முனையோட நிறுத்திட்டேன். இங்க எல்லார்கிட்டயும் சொந்த வண்டி இருக்கும்போல."

"மாமா ஆஸ்பத்திரிக்கு?"

"பாலம் ஒரு கிலோமீட்டர். அதுவரைக்கும் டாக்ஸி. அங்கேருந்து பஸ்."

அப்பா அதற்குள் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "உள்ள வந்து பாரு. பிடிச்சுக்க சுவத்துல கம்பி மாட்டியிருக்கான். நல்ல வெல்டிங். எனக்காகவே மாட்டி வச்ச மாதிரி இருக்கு!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சாமான்களை ஏற்றி வந்தார்கள். அன்று இரவு அப்பா காலை நீட்டிப் படுத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முழுக் காலையும்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் பல் துலக்கிக்கொண்டே பால்கனிக்கு வந்த தராசு, பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றுவிட்டாள். தெரு நிறைய ஆட்கள். எல்லோரும் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். துப்புரவுச் சீருடைகள், கொத்தனார்கள், தோளில் கருவிப் பை, இடுப்பில் குழந்தை, கையில் சாப்பாட்டுப் பாத்திரம். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ தீப்பிடித்துவிட்டது, ஊரைக் காலி செய்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். வாயைக் கொப்பளிக்காமலே படியிறங்கி ஓடினாள்.

கீழ்வீட்டில் ஒரு பெண் ஜன்னலோரம் மெஷினில் பள்ளிப் பை தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு? எல்லாரும் எங்க ஓடறாங்க?"

பை தைப்பவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வேலைக்குப் போறாங்க. நீங்கதான் மாடிக்குப் புதுசா வந்தவங்களா? முதல்ல வாயைத் துடைச்சுக்கோங்க, நுரை வழியுது."

"நடந்தேவா?"

"பாலம் வரைக்கும் நடை. எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா? பஸ் உள்ள வந்தப்பவுமா?"

"ஆமா. டிக்கெட் ரேட் மாறுற ஸ்டேஜ் பாலத்துலதானே இருக்கு. இங்க ஏறினா ஒரு ஸ்டேஜ் கூடக் கட்டணும். போக ஒண்ணு, வர ஒண்ணு. கால் நல்லா இருக்கிறவங்க ஏன் கட்டணும்? நடந்துபோய்ப் பாலத்துல ஏறுவாங்க."

தராசு திரும்பித் தெருவைப் பார்த்தாள். பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தாள். ஏழே கால் வரைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் கண்ணெதிரே நடந்து போகிறார்கள். அவளுடைய தாளில் நான்கு. மெஷின் பொய் சொல்லவில்லை. எங்கே டிக்கெட் கிழித்தார்கள் என்று கேட்டோம், அது சொன்னது. எங்கே குடியிருக்கிறார்கள் என்று நாம் கேட்கவே இல்லை. கட்டணத்தை ஓர் இடத்தில் ஏற்றிவைத்து, ஜனங்களை அங்கிருந்து நடக்கவைத்து, அப்புறம் அந்த இடத்தில் ஜனமே இல்லை என்று கையெழுத்துப் போடுவதற்கு நிர்வாகம் என்று பெயர். அந்தக் கையெழுத்து அவளுடையது.

"அப்போ இங்கேயே ஏறின நாலு பேரு?" என்று கேட்டாள்.

"நாலு பேர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" பை தைப்பவள் மெஷினை நிறுத்தினாள். விரலை மடக்கினாள். "ஒரு கால் இல்லாம, கட்டைக்கோல் ஊனிட்டுப் போற வாட்ச்மேன் ஒண்ணு. எங்க வீட்டுக்காரர் ஒண்ணு. அவரைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற நான் ஒண்ணு. இன்னொண்ணு டீச்சர். சின்ன வயசுலயே கால் விளங்காமப் போச்சு அவங்களுக்கு, பாவம்."

நடக்க முடியாதவர்கள் மூன்று பேர், அவர்களில் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பவர் ஒருவர். அதுதான் அந்த நான்கு.

"இப்ப எப்படிப் போறாங்க?"

"வாட்ச்மேன் வேலையை விட்டுட்டாரு. இவருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில பயிற்சி கொடுத்து டம்ளரைப் பிடிக்கிற அளவுக்கு வந்துட்டாரு. பஸ் நின்னுச்சு. டாக்ஸியைக் கூப்பிட்டா, திரும்பறப்ப சவாரி கிடைக்காதுன்னு உள்ள வர மாட்டேங்கறான். முதல்ல, 'இன்னைக்கு ஒரு நாள் விட்டுடலாம்'னாரு. ஒரு நாள்தான் விட்டாரு. இப்ப பாருங்க." ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "எவனோ ஏசி ரூம்ல உக்காந்து ஒரு கோடு கிழிச்சான். அவன் கை இப்படியே கிடந்து போக!"

தராசு தன் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

"டீச்சர்?"

"வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. நீங்க இருக்கிற வீடுதான். குளிக்கிற ரூம்ல கம்பி இருக்குமே, பார்க்கலையா?"

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு மருத்துவமனை நாள். மூன்று டாக்ஸிக்காரர்கள் முகவரியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். கணவர் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இருநூறு அடிக்கு ஒருமுறை விரித்துப் போட்டார். அப்பா உட்கார்ந்தார், எழுந்தார்.

"மாப்பிள்ளை நாற்காலி தூக்கிட்டு வர்ற அளவுக்கு நான் பெரிய ஆளாயிட்டேன், பாத்தியா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. வியாழக்கிழமை திரும்பி வரும்போது தலை சுற்றி, நாற்காலியை விரிப்பதற்குள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை சட்டையை எடுத்துக்கொண்டு வந்த தராசுவிடம் அப்பா சொன்னார்: "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடலாம்மா."

தராசுவின் கையிலிருந்து சட்டை விழுந்தது.

அன்றைக்கு அவரைக் கணவரின் முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். திரும்பி வந்ததும் தராசு நேராகக் கீழ்வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, அந்தக் கோட்டைக் கிழிச்சது நான்தான்."

பை தைப்பவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த கத்தரியை மெல்லக் கீழே வைத்தாள். கண் கட்டில் பக்கம் போனது, திரும்பி வந்தது.

"நீயா?" மரியாதை போய்விட்டது. "நாலு பேருதானேன்னு நினைச்சியா?"

"ஆமா."

"யாருன்னு கேக்கவே இல்லையா?"

"கேக்கல." தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாத. அழுது எனக்கு என்ன ஆகப்போகுது? நிறுத்தினவ நீதானே, நீயே கொண்டுவா."

திங்களன்று மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "உனக்கு உடம்பு சரியில்லையா? நாலுன்னு எழுதினது நீ. இப்ப நானூறுங்கறதும் நீ. வீடு மாறினா எண்ணும் மாறுமா?"

"எண் மாறல சார். நான் நின்னு பாக்கிற இடம் மாறியிருக்கு."

தராசு முதல்முறையாகக் கெஞ்சுகிறாள் என்பதாலோ என்னவோ, அவர் ஒரு வாரம் கொடுத்தார். ஒரு வாரம் பஸ் உள்ளே வரும். டிக்கெட் கிழிந்தால் தொடரும். இல்லையென்றால் இனி அந்தப் பேச்சே வரக்கூடாது.

பை தைப்பவளும் அவளும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒரு வாரம் மட்டும் இங்கேயே ஏறுங்கள் என்றார்கள். கருவிப் பைக்காரர் ஒருவர் வாசலில் நின்றபடியே கேட்டார்: "நாங்க இங்க இருக்கோம்னு காட்ட, நாங்களே காசு கட்டணுமா? ஏம்மா, நீ வந்து எண்ணிட்டுப் போனா ஆகாதா?"

தராசு அடுத்த வாசலுக்குப் போனாள். இருந்தாலும் வருவார்கள் என்று நம்பினாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பஸ் வந்தது. ஆறரை மணிக்கு, விளக்கு எரிய, காலியாக, பழைய நிறுத்தத்தில் நின்றது. தெரு நிறைய ஜனம் வந்தது. பஸ்ஸைப் பார்த்தது. இரண்டாகப் பிரிந்து, அதன் இரு பக்கமும் நடந்து, பாலத்தை நோக்கிப் போனது. சிலர் அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கருவிப் பைக்காரர் மட்டும் குனியவில்லை.

அப்பா ஏறினார். பை தைப்பவள் தன் கணவரைத் தோளில் சாய்த்து ஏற்றினாள். கட்டைக்கோல் வாட்ச்மேன், இன்னும் வேலையே கிடைக்காதவர், வேலைக்குப் போகிறவரைப் போலவே தலை சீவிக்கொண்டு ஏறினார். நடத்துநர் மெஷினைத் தட்டினார்.

நான்கு.

தராசு ஏறவில்லை. பஸ் கிளம்பியபோது அதைப் பார்க்காமல் நடக்கிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஸ்டேஜ் கட்டணத்துக்காகத் தேயும் செருப்புகள். நியாயம் கேட்டு வந்தவள் அவர்களிடம் போய், உங்களை நீங்களே விலை கொடுத்து நிரூபியுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். போன வருடம் தெரியாமல் செய்ததை இந்த வருடம் தெரிந்தே செய்தாள். இது அவளுக்கு முதல் அதிர்ச்சியைவிடக் கடுமையாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க நான்கைத் தாண்டவில்லை; அப்பாவுக்கு மருத்துவமனை இல்லாத நாளில் மூன்றுதான். சனிக்கிழமை மத்தியானம் வாராந்தரத் தாளை மேலாளர் மேசையில் வைத்தாள்.

"மறுபடியும் நாலு" என்றார் அவர். அவர் குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "நான்தான் சொன்னேனே."

"அடுத்த பக்கமும் இருக்கு சார்."

அடுத்த பக்கத்தில், இத்தனை வருடத்தில் எந்தத் தடத் தாளிலும் இல்லாத ஒரு பத்தியைக் கையால் கோடு போட்டுச் சேர்த்திருந்தாள். ஏறியவர் யார், ஏன் ஏறினார். டயாலிசிஸ், வாரம் மூன்று நாள். பக்கவாதம், ஒன்பது மாதமாக விட்டுப்போன பயிற்சியை இந்த வாரம் மறுபடி தொடங்கியவர். அவரைத் தாங்கிப் பிடிப்பவர். ஒரு கால் மட்டும் உள்ள வாட்ச்மேன். அதற்குக் கீழே: ஏறாமல் நடந்தவர்கள், நாளுக்குச் சராசரி நானூற்றுப் பத்து. காரணம், ஸ்டேஜ் எல்லை பாலத்தில் இருப்பது. எல்லையைக் குடியிருப்புக்கு நகர்த்த வேண்டும். அதுவரை நான்கு பேருக்காகவே பஸ் ஓட வேண்டும். கடைசி வரி: கடந்த ஆண்டின் பரிந்துரை தவறு, அதை எழுதியவர் கீழே கையெழுத்திட்டிருப்பவர்.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "இதை மேல அனுப்பினா உன் மேல விசாரணை வரும். பதினோரு வருஷத்துல உனக்கு ஒரு கரும்புள்ளி கிடையாது. அந்தக் கடைசி வரியை எடுத்துட்டுக் கொடு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அந்த வரியை எடுத்தா, மத்ததை யாரு சார் நம்புவாங்க?"

அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். தாளில் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாக இருந்தது. தராசு பேனாவைத் திறந்தாள். வலது கையால் எழுதினாள்; மகள் வாஷிங் மெஷினின் மேல் எழுதிய நாட்களைப் போல எழுத்துக் கோணியது. ஆனாலும் முழுப் பெயரையும் போட்டாள்.

"பஸ் திங்கட்கிழமை வருமா சார்?"

மேலாளர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மேலிடம் பதில் சொல்ற வரைக்கும் நிறுத்தச் சொல்லி நான் எழுத மாட்டேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்றார். "உன் வீட்டுப் பக்கம் வேற எந்தெந்தத் தடத்தை வெட்டியிருக்கே?"

"என் வீட்டுப் பக்கம் இல்ல சார். ஊர் முழுக்க, பதினோரு வருஷமா" என்றாள் தராசு. பழைய தாள்கள் இருந்த அலமாரியின் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினாள்.